லைன் பையன்களுக்கு எந்த போன்? தொழிலுக்கு வாங்கியவர்கள் சொல்லுங்கள்

திண்டுக்கல் ஏஜென்சி:

பிஸ்கட், சோப்பு, மசாலா விநியோகம் செய்கிறோம். கடை கடையாக ஆர்டர் எடுக்க லைனுக்குப் போகும் பையன்கள் இதுவரை அவரவர் சொந்த போனில்தான் ஆர்டர் எடுத்தார்கள். தீபாவளிக்கு முன்னால் எல்லாருக்கும் ஆபீஸ் செலவில் போன் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறோம். ஒரு போனுக்கு 12,000 முதல் 15,000 ரூபாய் வரை போடலாம். கடையில் கேட்டால் கேமரா எத்தனை மெகாபிக்சல், சார்ஜர் எத்தனை வாட் என்றே பேசுகிறார்கள். எங்களுக்கு வேண்டியது வேறு. காலையில் கிளம்பி இரவு திரும்பும்வரை ஆர்டர் ஆப், ஜிபிஎஸ், வாட்ஸ்அப் பிசினஸ் மூன்றும் நிற்காமல் ஓட வேண்டும். தொழிலுக்கென்று போன் வாங்கியவர்கள், வாங்கிய பிறகு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். எந்த பிராண்டு பெரியது என்ற சண்டை மட்டும் வேண்டாம்.

கோவை மருந்து மொத்த வியாபாரம்:

நிற்காமல் ஓட வேண்டும் என்றீர்கள், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்ங்க. எங்கள் ஆட்களுக்கு 5,000 எம்ஏஎச் பேட்டரி போட்ட போனாகப் பார்த்து வாங்கினோம். சார்ஜ் பிரச்சினை வரவே இல்லை. வந்தது வேறு. பொள்ளாச்சி லைன் போன பையன் காலை பத்து மணிக்கு உக்கடத்தில் நின்றவன் மதியம்வரை அங்கேயே நின்றான் என்று மேப் காட்டியது. மேனேஜர் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அவன் பையில் கிணத்துக்கடவிலும் பொள்ளாச்சியிலும் எடுத்த ஆர்டர் எல்லாம் இருக்கிறது. பாவம், அழாத குறை.

விஷயம் என்னவென்றால், பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று சில போன்கள் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் பின்னால் ஓடும் ஆப்பை நிறுத்திவிடுகின்றன. விலை குறைந்த போனில் பேட்டரி இரண்டு நாள் வருகிறது என்று விளம்பரம் செய்வதில் பாதி இந்த வித்தைதான். ஆர்டர் ஆப்புக்கு மட்டும் பேட்டரி செட்டிங்கில் கட்டுப்பாடு இல்லை என்று வைக்க வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட் தனியாக இருந்தால் அதையும் போட வேண்டும். லொகேஷன் அனுமதியை எப்போதும் என்று மாற்ற வேண்டும். இத்தனையும் செய்த பிறகும், பெரிய அப்டேட் ஒன்று வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அதனால் கடைக்காரர் எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் மொத்தமாக வாங்காதீர்கள். ஒரே ஒரு போன் வாங்கி, நீளமான லைன் போகும் பையனிடம் கொடுத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் ஆப்பும் அந்த போனும் ஒத்துப்போகிறதா என்பது பெட்டிமேல் எழுதியிருக்காது.

மதுரை ரெப்:

போன் கொடுக்கிற முதலாளிகள் பேசுகிறீர்கள், வாங்கிக்கொள்கிறவன் பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன். நான் மெடிக்கல் ரெப். கம்பெனி போன் ஒன்று, சொந்த போன் ஒன்று. சட்டைப் பையில் ஒன்று, பேண்ட் பையில் ஒன்று, பைக்கில் உட்கார்ந்தால் இரண்டும் குத்தும். கடைசியில் எல்லா ரெப்பும் செய்வது என்ன தெரியுமா? கம்பெனி சிம்மைச் சொந்த போனில் போட்டுவிட்டு, கம்பெனி போனை வீட்டில் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் பார்க்கக் கொடுத்துவிடுவார்கள்.

இப்போது இருக்கும் கம்பெனி போன் கொடுக்கவில்லை. என் போனிலேயே வொர்க் ப்ரொஃபைல் போட்டுக் கொடுத்தார்கள். ஆண்ட்ராய்டு 5.0 காலத்திலிருந்தே இருக்கிற வசதிதான். ஆபீஸ் ஆப்புகள் மேல் சின்னதாகக் கைப்பெட்டிப் படம் இருக்கும். என் போட்டோ, என் வாட்ஸ்அப் எதுவும் ஆபீஸுக்குத் தெரியாது. வேலையை விட்டால் அந்தப் பகுதியை மட்டும் அவர்கள் அழித்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு தட்டு தட்டினால் ஆபீஸ் முழுக்க அணைந்துவிடும். உங்கள் பையன்களுக்கும் ராத்திரி எட்டு மணி என்று ஒன்று உண்டு அண்ணாச்சி, அதையும் யோசித்து வாங்குங்கள்.

திண்டுக்கல் ஏஜென்சி:

நியாயம்தான் தம்பி. ஆனால் எங்கள் பையன்களில் பலர் கையில் இருப்பது ஸ்கிரீன் உடைந்த போன். அதில் எதைப் போட்டாலும் ஓடாது. அதனால்தான் வாங்கியே கொடுக்கிறோம்.

திருச்சி சர்வீஸ் மேசை:

சாலை ரோட்டில் மொபைல் சர்வீஸ் செய்கிறேன். மாதத்துக்கு ஒரு முதலாளியாவது கையில் போனும் பில்லும் எடுத்துக்கொண்டு வருவார். கதை ஒன்றுதான். ஆபீஸ் காசில் வாங்கிய போன். பையன் தன் சொந்த ஜிமெயிலைப் போட்டு ஆரம்பித்தான். ஒருநாள் கோபித்துக்கொண்டு போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். பின் நம்பர் தெரியாது. யாரோ பட்டன்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்துவிடுவார்கள். திறந்தால், இதற்குமுன் இருந்த கூகுள் கணக்கைப் போடு என்று கேட்கும். திருட்டைத் தடுக்க 2015 இல் ஆண்ட்ராய்டு 5.1 உடன் வந்த பூட்டு இது. ஐபோனில் அதற்கும் முன்பே, 2013 இல் வந்துவிட்டது. போனுக்கு முதலாளி யார் என்று அதற்குத் தெரியாது, கணக்கு யாருடையது என்று மட்டும்தான் தெரியும்.

போன மாதம் வந்தவர் மார்க்கெட்டில் பெரிய கை. "பில் என் பேரில் இருக்கு, இவன் யாரு தம்பி என்னைத் தடுக்க?" என்று என்னிடம் சண்டை. விட்டுப்போன பையனுக்கு நானே போன் போட்டேன். "சம்பள பாக்கியைக் கொடுக்கச் சொல்லுங்கண்ணே, பாஸ்வேர்டு சொல்றேன்" என்றான். பாக்கி அன்று சாயங்காலமே செட்டில் ஆனது. பில் இருந்தால் சில கம்பெனி சர்வீஸ் சென்டரில் எடுத்துக் கொடுப்பார்கள், எல்லா இடத்திலும் நடக்காது. குறுக்கு வழியில் எடுத்துத் தருகிறேன் என்பவர்களிடம் கொடுத்தால் போன் என்ன நிலையில் திரும்பும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

ஆகவே ஏஜென்சி அண்ணனுக்கு: எந்த மாடல் வாங்கினாலும் சரி, பெட்டியைப் பிரித்ததும் ஆபீஸ் ஜிமெயிலைப் போட்டு நீங்களே ஆரம்பித்து, அப்புறம் பையனிடம் கொடுங்கள். அந்த ஜிமெயிலின் மீட்பு எண்ணும் உங்களுடையதாக இருக்க வேண்டும். திரும்ப வாங்கும்போது அவனை வைத்துக்கொண்டே செட்டிங்குக்குள் போய் ரீசெட் செய்யுங்கள். அந்த வழியில் செய்தால் பூட்டு விழாது.

கோவை மருந்து மொத்த வியாபாரம்:

இதோடு சிம்மையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்களிடம் இருக்கும் நம்பர் பையன் பேரில் எடுத்த நம்பராக இருந்தால், அவன் போட்டிக் கம்பெனிக்குப் போகும்போது உங்கள் லைனும் அவனோடு போய்விடும். எங்கள் ஊரில் ஒரு ஸ்டாக்கிஸ்டுக்கு அப்படியே நடந்தது. கடைகள் எல்லாம் அதே நம்பருக்கே ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தன, சரக்கு மட்டும் வேறு குடோனிலிருந்து போனது. சிம் ஆபீஸ் பேரில் இருக்கட்டும்.

சேலம் கணக்கு ஆபீஸ்:

யாரும் பில்லைப் பற்றிப் பேசவில்லையே. செல்போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 2020 ஏப்ரலிலிருந்து. வரியோடு சேர்த்து 15,000 ரூபாய் விலையுள்ள போனில் 2,288 ரூபாய் வரி. ரெகுலர் முறையில் ஜிஎஸ்டி கட்டுகிறவர், தொழிலுக்கு வாங்குகிறவர் என்றால் அந்தத் தொகை கிரெடிட்டாகக் கிடைக்கும், நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் ஆர்டர் போடும் முன்பே எண்ணைக் கொடுத்துவிடுங்கள். பிறகு மாற்றித் தரச் சொல்லி அலைகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். விற்பனையில் சிறு சதவீதம் மட்டும் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்குக் கிரெடிட் கிடையாது.

வருமான வரியில் செல்போனுக்குத் தேய்மானம் என்று ஆண்டுக்குக் கழிப்பது 15 சதவீதம்தான். கம்ப்யூட்டர் மாதிரி 40 போடச் சொல்லி ஆண்டுதோறும் ஒருவராவது கேட்பார். ஜிஎஸ்டி கிரெடிட் எடுத்துவிட்டால் வரி நீங்கிய விலைக்கு மட்டுமே தேய்மானம். சரி, நான் நிறுத்திக்கொள்கிறேன், யாருக்கும் தூக்கம் வரவேண்டாம்.

திருப்பூர் சாயப்பட்டறை:

கேமரா முக்கியமில்லை என்று பேச்சு போகிறது. எங்கள் தொழிலில் கேமராவும் ஸ்கிரீனும்தான் சண்டையே. துணி வாங்கும் பையர் ஆபீஸில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அவசரத்துக்குச் சாய ஷேடை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார். நாம் அனுப்புவது மெரூன், அவர் போனில் தெரிவது செங்கல் நிறம். காரணம் பல. கேமரா தானாக வெள்ளைச் சமநிலையை மாற்றிக்கொள்ளும். பட்டறை டியூப் லைட்டில் எடுத்தால் ஒரு நிறம், வாசலில் வெயிலில் எடுத்தால் வேறு. ஸ்கிரீனோ, கடையில் பளிச்சென்று தெரிவதற்காக நிறத்தைத் தூக்கிக் காட்டும்படி செட் செய்யப்பட்டு வருகிறது. போதாததற்கு வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும்.

எங்களிடம் இருக்கும் போன்களில் டிஸ்ப்ளேயை நேச்சுரல் என்று மாற்றி வைத்திருக்கிறோம். படத்தை லைட் பாக்ஸுக்குள் பகல் வெளிச்சத்துக்கு இணையான டி65 விளக்கில் எடுத்து, டாக்குமெண்டாக அனுப்புகிறோம். போட்டோவாக அனுப்புவதே இல்லை. இவ்வளவு செய்தும், லேப் டிப் (சின்னத் துண்டில் சாயமேற்றிய மாதிரி) கூரியரில் போய் அவர் கையில் பார்த்துச் சரி சொல்லாமல் ஒரு கிலோ துணிகூட மெஷினில் ஏற்றுவதில்லை. லட்ச ரூபாய் போன் வாங்கினால் இது தீரும் என்று விற்க வந்தவர் ஒருவர் சொன்னார். அவரையே லைட் பாக்ஸ் முன்னால் நிறுத்தி இரண்டு போனையும் காட்டினேன், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இன்னொன்று, நிட்டிங் யூனிட் வைத்திருப்பவர்களுக்கு. சார்ஜ் ஏறவில்லை என்றால் உடனே புதுப் போன் வாங்காதீர்கள். துளையில் பஞ்சு அடைத்திருக்கும். பல் குத்தும் குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம்.

தூத்துக்குடி மீன் ஏற்றுமதி:

பஞ்சாவது குச்சியில் வரும். எங்களுக்கு உப்புத்தண்ணீர். தண்ணீர், தூசி தாங்கும் அளவைச் சொல்லும் ஐபி68 என்று போட்டிருக்கிறதே, தண்ணீர் போகாது என்று நம்பி ஏலக்கூடத்துக்கு எடுத்துப் போகிறார்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கடல் தண்ணீருக்கு அதில் உறுதி எதுவும் இல்லை. பட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜரைச் செருக வேண்டும். ஐஸிலும் உப்பிலும் கை ஊறிய ஆட்களுக்கு விரல்ரேகை வேலையே செய்யாது, அதனால் எங்களிடம் எல்லா போனுக்கும் பின் நம்பர்தான்.

பார்க்க வேண்டியதில் முக்கியமான ஒன்றை யாரும் சொல்லவில்லை. கடைக்குள் ஏசியில் நின்று ஸ்கிரீனைப் பார்க்காதீர்கள். கடைக்காரரிடம் கேட்டு வெளியே மத்தியான வெயிலில் பிடித்துப் பாருங்கள். உங்கள் பையன்களும் ரோட்டில் நின்றுதானே ஆர்டர் போடப் போகிறார்கள்? எண்ணே தெரியாவிட்டால் பத்துப் பெட்டி நூறு பெட்டி ஆகிவிடும்.

சென்னை பழைய ஆள்:

பிளாக்பெர்ரி வைத்துத் தொழில் செய்தவன் நான். கீபோர்டில் டைப் அடிக்கும் சுகம் இன்றுவரை எதிலும் இல்லை. 2022 ஜனவரி 4 அன்று பழைய பிளாக்பெர்ரிகளுக்கான சேவையை அந்தக் கம்பெனி நிறுத்தியது. உடம்பு நன்றாக இருந்த போன்கள் ஒரே நாளில் அலமாரிக்குப் போயின. அதிலிருந்து நான் முதலில் கேட்பது எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பதைத்தான். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் ஏழு வருடம் என்றார்கள். ஏஜென்சி சாரின் பட்ஜெட் பக்கம் வந்தால் கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு வருடம் என்று 2024 இல் அறிவித்தார்கள். எல்லாக் கம்பெனியும் இப்படி இல்லை, இரண்டு வருடத்தோடு கைகழுவுகிற மாடல்களும் உண்டு. இந்தக் கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால், போய்விட்ட வருடங்களைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

திண்டுக்கல் ஏஜென்சி:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. கலெக்ஷன் பணத்தைப் பையன் போனில் யுபிஐ வழியாக வாங்கலாமா? லைனில் போன் தொலைந்தால் என்ன செய்வது?

சேலம் கணக்கு ஆபீஸ்:

பையன் போனில் வேண்டாம். ஏஜென்சியின் வங்கிக் கணக்குக்கு க்யூஆர் அட்டை அடித்து ஆளுக்கொன்று கொடுங்கள். கடைக்காரர் ஸ்கேன் செய்யட்டும். பணம் நேராக உங்கள் கணக்குக்கு வரும், பையன் கை வழியாக வராது. கணக்கு ஒத்துப்பார்ப்பதும் எனக்குச் சுலபம்.

திருச்சி சர்வீஸ் மேசை:

தொலைந்தால் முதலில் ஆபீஸ் ஜிமெயிலில் போய் போனைத் தூரத்திலிருந்தே பூட்டுங்கள், தேவைப்பட்டால் அழியுங்கள். கணக்கு உங்களுடையதாக இருந்தால்தான் இது முடியும். அடுத்தது போலீஸ் புகார், அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம். இரண்டும் கையில் இருந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து போனை முடக்கலாம். அப்புறம் இந்தியாவில் எந்த சிம் போட்டாலும் அது வேலை செய்யாது. ஓடிபி அந்த சிம்முக்கு வரும் என்பதால்தான் டூப்ளிகேட் சிம்மை முதலில் எடுக்கச் சொல்கிறேன். கோவைக்காரர் சொன்னபடி சிம் ஆபீஸ் பேரில் இருந்தால் பையனைத் தேடி அலைய வேண்டாம்.

ஐஎம்இஐ எண்ணை போன் தொலைந்த பிறகு தேடுவார்கள். வாங்கிய அன்றே *#06# அடித்து, வரும் எண்களை எந்தப் பையனிடம் எந்த போன் என்று நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும், இரண்டையும் எழுதுங்கள்.