டிராஜன் தூணின் சிற்பங்களைப் போர்ச் சான்றாகக் கொள்ளலாமா?

தொல்லியல் வாசகன் (கேள்வி)

ரோமப் படைகளைப் பற்றிய எந்த நூலைப் புரட்டினாலும், ரோம் நகரிலுள்ள டிராஜன் தூணின் புடைப்புச் சிற்பங்களே படங்களாக வந்து நிற்கின்றன. கி.பி. 101–102, 105–106 ஆகிய ஆண்டுகளில் ரோமப் பேரரசர் டிராஜன், இன்றைய ருமேனியப் பகுதியில் வாழ்ந்த டேசியர்களுக்கு எதிராக நடத்திய இரு போர்களையும், கீழிருந்து மேலாகச் சுற்றிச் செல்லும் ஒரே சிற்பப் பட்டையில் சொல்லும் இத்தூண் 113-இல் நிறுவப்பட்டது. பீடத்தோடு சேர்த்து ஏறத்தாழ 35 மீட்டர் உயரமுள்ள தூணில், 23 சுற்றுகளாக ஏறும் காட்சிகளைத் தரையில் நின்றவர் எவ்வாறு பார்த்திருக்க முடியும் என்பது என் முதல் ஐயம். இரண்டாவது ஐயம் இன்னும் அடிப்படையானது. இப்போர்களைப் பற்றி டிராஜனே எழுதிய நூலில் ஒரேயொரு சிறு வாக்கியம்தான் எஞ்சியுள்ளது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, இச்சிற்பங்களை நடந்தது நடந்தபடி காட்டும் பதிவாகக் கொள்வது முறையாகுமா?

கல்தச்சன்

முதல் ஐயத்துக்கு நேரான விடை, முழுவதையும் யாராலும் பார்த்திருக்க முடியாது என்பதுதான். பட்டையின் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர். நீளம் ஏறத்தாழ 200 மீட்டர். உருவங்களோ 2,500-க்கும் மேல். செதுக்கிய ஆழமும் மிகக் குறைவு. தூணின் இருபுறமும் நூலகங்கள் இருந்தன. அவற்றின் மேல்தளத்திலிருந்து பார்த்திருப்பார்கள் என்று கருதுவோர் உண்டு. ஆனால் அங்கிருந்தும் உச்சிச் சுற்றுகள் எட்டா. தவிர, பட்டையைத் தொடர்ந்து படிக்க வேண்டுமானால் பார்ப்பவர் தூணை 23 முறை வலம்வர வேண்டும்!

ஆயினும் அமைப்பாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அடியில் டான்யூப் நதித் தெய்வம் நீரிலிருந்து எழுந்து, படகுப் பாலத்தின் மீது ஆற்றைக் கடக்கும் ரோமப் படையைப் பார்க்கிறது. அதே பக்கத்தில் நடுப்பகுதியில், கேடயத்தில் எழுதும் வெற்றித் தெய்வம் முதல் போரையும் இரண்டாம் போரையும் பிரித்து நிற்கிறது. அதற்கும் மேலே டேசிய மன்னன் டெசெபாலஸ் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்ளும் காட்சி வருகிறது. ஒரே இடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குக் கதையின் முதுகெலும்பு கிடைத்துவிடும். எஞ்சியவற்றின் நுணுக்கம், படிப்பதற்காக அன்றி, பேரரசரின் பெருமைக்கு எல்லையில்லை என்று உணர்த்துவதற்காகவே செதுக்கப்பட்டது என்பது என் கருத்து. தூணுக்குள் செல்லும் 185 படிகளுக்கு வெளிச்சம் தர வெட்டப்பட்ட சாளரங்கள் சில காட்சிகளை ஈவிரக்கமின்றித் துளைத்துச் செல்வதையும் கவனியுங்கள்.

பழம்பாதை

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். காட்சிகளை எண்ணிப் பார்த்தால் சண்டையைவிட வேலையே மிகுதி என்பது புலப்படும். படையினர் மரம் வெட்டுகிறார்கள், அரண் எழுப்புகிறார்கள், அணிவகுத்துச் செல்கிறார்கள். டிராஜன் பலி கொடுக்கிறார், வீரர்களிடம் உரையாற்றுகிறார், தூதர்களைச் சந்திக்கிறார். அவர் மட்டும் ஏறத்தாழ 60 முறை தோன்றுகிறார். போரை ஒழுங்கும் உழைப்பும் வென்றதாகச் சொல்வதுதான் இதன் நோக்கம்.

ஆயுதங்களையும் கவசங்களையும் ஆராய்வோர்தான் இங்கே பெரிதும் ஏமாறுகிறார்கள். தூணில் லீஜியன் என்னும் ரோமக் குடிமக்கள் படைப்பிரிவுகளின் வீரர்கள் அனைவரும் சீருடைபோல் ஒரே வகைப் பட்டைத் தகட்டுக் கவசம் அணிந்திருக்கிறார்கள்; பெரும்பாலும் குடியுரிமை இல்லாதோரைக் கொண்ட துணைப்படையினர் அனைவரும் வேறொரு வகை. பார்ப்பவர் எளிதில் பிரித்தறிய வேண்டும் என்பதற்காகச் சிற்பிகள் வகுத்துக்கொண்ட மரபு இது. இன்றைய ருமேனியாவில், ஆதாம்கிளிசி என்னும் ஊரில், 109-இல் பழிவாங்கும் மார்ஸ் என்னும் போர்த் தெய்வத்துக்கு டிராஜன் எடுப்பித்த வெற்றிச் சின்னத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே தனித்தனிப் பலகைகளில் முரட்டுக் கையால் வெட்டிய உருவங்கள் இருக்கின்றன. கலைநயம் தேடுவோர் அவற்றைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஆனால் அவற்றில் லீஜியன் வீரர்கள் வளையக் கவசமும் செதிள் கவசமும் அணிந்து, வாளேந்திய கைக்குத் தனி உறையும் பூட்டியிருக்கிறார்கள். எதிரே நிற்பவர்கள் அரிவாள்போல் உள்வளைந்த நீண்ட ஆயுதத்தை இரு கைகளாலும் ஓங்குகிறார்கள். அந்த வெட்டுக்கு அஞ்சியே கைக்கு அந்தக் கவச உறையைப் பூட்டினார்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். களத்தை அறிந்தவர்கள் செய்த வேலை அது.

அதற்காகத் தூண் சொல்வதெல்லாம் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1965-இல் கிரேக்க நாட்டில், பிலிப்பி அருகே, டைபீரியஸ் கிளாடியஸ் மாக்ஸிமஸ் என்னும் குதிரை வீரரின் கல்லறைக் கல் கிடைத்தது. டெசெபாலஸின் தலையை டிராஜனிடம் கொண்டு சேர்த்தவர் தாமே என்று அக்கல்வெட்டு கூறுகிறது. தூணிலும் குதிரையில் வந்த ஒருவர் சாகும் மன்னனை நோக்கிக் கை நீட்டுகிறார்.

தொல்லியல் வாசகன்

இருவருக்கும் நன்றி. ஆதாம்கிளிசியைப் பற்றி இதுவரை படித்ததே இல்லை. துணைக் கேள்வி ஒன்று: ஒழுங்கையே முன்னிறுத்தும் இத்தூண் போரின் கொடுமையை அறவே மறைத்துவிடுகிறதா? உச்சிச் சுற்றுகளை அருகில் காண வழி உண்டா?

கல்தச்சன்

அறவே மறைக்கவில்லை. துணைப்படை வீரர்கள் வெட்டிய தலைகளை டிராஜனிடம் நீட்டுகிறார்கள்; ஒருவன் தலையொன்றின் முடியைப் பற்களால் கவ்வியபடி போரிடுகிறான். ஆனால் கொடுமையை வெளிப்படையாகக் காண வேண்டுமானால், சில நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி நிற்கும் பிற்காலப் பேரரசர் மார்கஸ் அரேலியஸின் தூணுக்குச் செல்ல வேண்டும். அங்கே குடிசைகள் எரிகின்றன, பெண்கள் இழுத்துச் செல்லப்படுகிறார்கள், கைதிகளின் தலைகள் வரிசையாக வெட்டப்படுகின்றன. உருவங்கள் குறைவு, வெட்டு ஆழம். ஆகவே கீழிருந்தே ஓரளவு தெளிவாகத் தெரியும். டிராஜன் தூணைப் பார்த்தவர்களின் குறை இதன் சிற்பிகள் காதில் விழுந்திருக்கும் போலும்.

டிராஜன் தூணின் உச்சிச் சுற்றுகளை அருகில் காண, லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள சுதை வார்ப்பைப் பாருங்கள். மண்டபத்தின் உயரம் போதாமல் தூணை இரண்டு துண்டாக நிறுத்தியிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில், வாகனப் புகை கல்லை அரிப்பதற்கு முன்பு எடுத்த அச்சு அது. சில இடங்களில் மூலத்தைவிட வார்ப்பிலேயே முகங்கள் தெளிவாக இருக்கின்றன.