வரிசைப் புதிரில் நேரம் போதவில்லை: எங்கே தவறுகிறேன்?

கேள்வி:
அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர்வதற்கான எல்சாட் தேர்வின் பழைய வினாத்தாள்களை வைத்துப் படித்து வருகிறேன். அவற்றில் 35 நிமிடங்களுக்குள் நான்கு புதிர்களை முடிக்க வேண்டும். எனக்கோ ஒரு வரிசைப் புதிருக்கே 15 நிமிடங்கள் ஆகின்றன. அதே பாணியில் நான் அமைத்துப் பார்த்த புதிர் இது: க, ச, ட, த, ப, ம ஆகிய அறுவர் ஒருவர்பின் ஒருவராகப் பேசுகிறார்கள். ச-வுக்கு முன் க. ச முடித்த உடனே ட. ட-வுக்குப் பின் த. ம முதலிலோ கடைசியிலோ. த நான்காவது என்றால் ஐந்தாவது யார்? ஒவ்வொருவரையும் பொருத்திப் பார்த்தே விடை கண்டேன்.

மறுமொழி 1:
நிபந்தனைகளைத் தனித்தனியே விட்டுவைத்திருப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. வினாவைப் படிக்கும் முன்பே மூன்றையும் கோத்து, 'க – சட – த' என்று ஒரே வரியாக எழுதிவிடுங்கள். த-வுக்கு முன் மூவர் கட்டாயம் பேசியாக வேண்டும் என்பது அப்போதே கண்ணில் படும். ஆகவே த நான்காவது என்றால், முதல் மூன்று இடங்களும் க, ச, ட ஆகியோருக்கே உரியவை. முதலிடம் போய்விட்டதால் ம ஆறாவது. எஞ்சிய ஐந்தாம் இடம் ப-வுக்கு. பொருத்திப் பார்க்க எதுவுமே மிஞ்சவில்லை, பாருங்கள்.

மறுமொழி 2:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'முன்' என்றால் 'ஒட்டி முன்' என்று பொருளில்லை. க-வுக்கும் ச-வுக்கும் நடுவில் ப தாராளமாக வரலாம். இதைக் கவனியாமல் நான் பல மாதங்கள் தவறான விடைகளையே எழுதி வந்தேன். இப்போது ஒட்டி வரும் 'சட'வை மட்டும் ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிட்டு, மற்றவற்றைக் கோட்டால் இணைக்கிறேன்.

மறுமொழி 3:
முறை சரியே. ஆனால், 2024 ஆகஸ்ட் முதல் எல்சாட்டில் இந்தப் புதிர்ப் பகுதியே இல்லை. தர்க்கப் பகுதிகள் இரண்டும் வாசிப்புப் பகுதி ஒன்றுமே இப்போது மதிப்பெண்ணுக்குக் கணக்காகின்றன. தேர்வு எழுதப் போகிறீர்கள் என்றால், உங்கள் நேரத்தை அவற்றுக்குக் கொடுங்கள்.

கேட்டவர்:
பழைய தாள்களிலேயே மூழ்கியிருந்ததால் இந்த மாற்றத்தை அறியாமல் இருந்துவிட்டேன், மிக்க நன்றி. தொடங்கியதை முடிக்க எண்ணி, ம முதலில், ம கடைசியில் என இரு படங்கள் வரைந்தேன். ஒவ்வொன்றிலும் ப நிற்கக்கூடிய இடங்கள் நான்கே. மொத்தம் எட்டு வரிசைகள்தாம்.

மறுமொழி 1:
எட்டு என்பது சரி.