மாசிப் பௌர்ணமியில் எரிவது அத்தையா, மன்மதனா?

குடமுருட்டிக்காரி கேட்டது:

புனேயில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். நாளை மறுநாள் ஹோலி. நேற்றுக் காலை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, கீழே காவல்காரர் குழி தோண்டி, நடுவில் ஒரு பச்சைச் செடியை நட்டுக்கொண்டிருந்தார். மாடியிலிருந்தே இலை தெரிந்தது. விரல் விரித்த கை மாதிரி இலை, சிவந்த காம்பு. துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு இறங்கினேன். "என்ன செடி?" என்றேன். "ஏரண்ட்" என்றார். நாட்டு மருந்துக் கடையில் ஏரண்டத் தைலம் கேட்டவர்களுக்குப் புரியும். ஆமணக்கு. எங்கள் ஊர்ப் பேச்சில் கொட்டைமுத்து.

எனக்கு ஊர் பாபநாசம் பக்கம். சின்ன வயதில் மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறைக்குத் தெருக்கோடித் திடலில் இதே கொட்டைமுத்தைத்தான் நடுவார்கள். கூடவே ஒரு கரும்பு. அடியில் வறட்டி அடுக்கி வைக்கோல் பிரி சுற்றுவார்கள். அதுதான் காமன். பௌர்ணமி இரவு கொளுத்துவார்கள். அதற்கு முந்தைய இரவுகளில் லாவணி நடக்கும், காமன் எரிந்தானா இல்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பாடுகிற பாட்டுப் போட்டி. என் தாத்தா எரியாத கட்சி. டேப் என்கிற தோல்வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "உருவமே இல்லாதவனை எப்படியப்பா எரித்தாய்?" என்கிற மாதிரி பாட்டிலேயே கேட்பார். என் அப்பா வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். எரிந்த கட்சி. அந்தச் சண்டை மறுநாள் காலைக் காப்பி வரை வீட்டில் ஓடும்.

இங்கே வந்த புதிதில், "உங்கள் பக்கம் ஹோலி கிடையாதே?" என்று அண்டை வீட்டில் கேட்டபோது, "ஆமாம், கிடையாது" என்று சொல்லிவிட்டேன். வண்ணப்பொடி கிடையாது என்பதைத்தான் மனதில் வைத்துச் சொன்னேன். நேற்று அந்தச் செடியைப் பார்த்த பிறகு, ஒன்பது வருஷமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேனோ என்று தோன்றுகிறது.

இதற்கு நடுவில் பெண்ணுக்குப் பள்ளியில் ஹோலிகா கதை சொல்லியிருக்கிறார்கள். இரணியனின் தங்கை, நெருப்பு சுடாத வரம் பெற்றவள், பிரகலாதனை மடியில் வைத்துக்கொண்டு தீயில் உட்கார்ந்தாள், அவள் எரிந்தாள், பிள்ளை பிழைத்தான். "அத்தை ஏம்மா அப்படிச் செஞ்சா?" என்று இவள் கேட்ட நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்திருந்தது என் நாத்தனார். அதை விடுங்கள்.

என் கேள்வி இதுதான். அத்தையை எரிக்கிற பண்டிகையும் மன்மதனை எரிக்கிற பண்டிகையும் ஒன்றா? தஞ்சாவூரை மராட்டியர் ஆண்டதால் வந்த பழக்கமா நம்முடையது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் ஊரில் இன்னும் காமன் நடுகிறார்களா?

கொருக்கைப் பக்கத்தான்:

அக்கா, சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். மன்மதன் எரிந்த ஊருக்குப் பக்கத்து ஊர் எனக்கு. மயிலாடுதுறைக்கு அருகே திருக்குறுக்கை, பேச்சு வழக்கில் கொருக்கை. சிவன் வீரச்செயல் புரிந்த அட்ட வீரட்டானம் எட்டில் ஒன்று, அப்பர் பாடிய தலம். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனைச் சாம்பலாக்கியது இங்கேதான் என்பது தலபுராணம். விபூதிக் குட்டை என்று ஓர் இடத்தைக் காட்டுவார்கள். கங்கணம்புத்தூரில் கங்கணம் கட்டிக்கொண்டான், வில்லியநல்லூரில் வில்லை எடுத்தான் என்று சுற்றுவட்டாரத்து ஊர்ப் பெயருக்கெல்லாம் எங்கள் பெரியவர்களிடம் ஒரு கதை இருக்கும். ஊர்ப் பெயருக்கு அப்புறம் ஒட்டவைத்த கதைகள் என்றுதான் எனக்குத் தோன்றும். ஆனால் மன்மதன் எங்கள் ஊர் வழியாக நடந்து போனான் என்று கேட்டு வளர்ந்தவனுக்கு அதை விட்டுக்கொடுக்க மனசு வராது.

மராட்டியர் விஷயத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். லாவணி அவர்களோடு வந்ததுதான். பெயரே மராத்தி. தஞ்சை மராட்டியர் ஆட்சி 1676 முதல் 1855 வரை. அந்தக் காலத்தில்தான் அந்த மெட்டும் டேப்பும் துந்தினா என்கிற தந்தி வாத்தியமும் நம்மிடம் வேர்பிடித்தன. ஆனால் காமன் அதற்கு எவ்வளவோ முன்னால் இங்கே இருக்கிறான். சிலப்பதிகாரத்தில் தோழி தேவந்தி கண்ணகியிடம், புகார்த் துறையில் இரண்டு குளங்களில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனோடு கூடி இன்புறலாம் என்கிறாள். கண்ணகி "பீடன்று" (அது பெருமையில்லை) என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாள். ஆண்டாளும் கண்ணனை அடைவதற்காகத் தை மாதம் முழுக்கத் தரை மெழுகிக் கோலமிட்டுக் காமனைத்தான் கும்பிடுகிறாள். ஆக, கும்பிட்ட சாமி பழையது, அவனைப் பற்றிச் சண்டை போட்ட மெட்டு புதியது. உங்கள் தாத்தா இந்த வரியை ஒத்துக்கொள்வாரா தெரியாது.

இன்னொன்று. பங்குனி என்ற பெயரே பால்குனியிலிருந்து வந்ததுதான். உத்திர நட்சத்திரத்துக்கு வடமொழியில் உத்தர பால்குனி. ஹோலி வருவது சந்திரக் கணக்கில் பால்குனப் பௌர்ணமி. நம் மாதம் சூரியக் கணக்கு என்பதால் அது ஒரு வருஷம் மாசியில் விழும், ஒரு வருஷம் பங்குனியில் விழும். 2024இல் மார்ச் 25 அன்று ஹோலியும் பங்குனி உத்திரமும் ஒரே நாளில் வந்தன. மறு வருஷமே ஹோலி மார்ச் 14, உத்திரம் ஏப்ரல் 11. கதையையும் சேர்த்துப் பாருங்கள். மாசியில் காமன் எரிகிறான், பங்குனி உத்திரத்தில் சிவனுக்கும் பார்வதிக்கும் கல்யாணம். கல்யாண வீட்டில் ரதி வந்து அழுகிறாள், புருஷன் திரும்பக் கிடைக்கிறான், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். எரிந்தானா இல்லையா என்று விடிய விடியப் பாட இதைவிட வசதியான முடிவு வேண்டுமா? இரண்டு கட்சியும் பிழைத்துக்கொள்ளும்.

எங்கள் தெருவில் நடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. அந்தத் திடலில் இப்போது தண்ணீர்த் தொட்டி நிற்கிறது.

வெறுமனே படிப்பவன்:

சென்னையில் ஹோலி என்றால் சௌகார்பேட்டைதான். மற்ற இடத்தில் எல்லாம் கல்லூரிப் பையன்கள் சட்டையைப் பாழாக்குவது. இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

கொருக்கைப் பக்கத்தான்:

தம்பி, உங்கள் சட்டைக்கு யார் கணக்குக் கேட்டார்கள்?

தேயிலைக்காட்டான்:

வணக்கம். நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம். அக்காவின் தாத்தா பாடியதை எங்கள் முன்னோர் கப்பலேறும்போதே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்களிடம் இது பாட்டுப் போட்டி இல்லை, முழுக் கூத்து. காமன் கூத்து. மாசி அமாவாசைக்கு மூன்றாம் நாள் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து ரதி, மதன் வேஷம் கட்டுகிறவர்கள் விரதம், மச்சம் மாமிசம் தொடக்கூடாது. ரதி வேஷமும் ஆண்தான் கட்டுவார்.

தப்பு அடி கேட்டதும் லயத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் ஓடி வருவார்கள். ரதி மதன் கல்யாணம் நடக்கும், மொய்கூட எழுதுவோம். பிறகு சிவன் தவத்தைக் கலைக்கச் சொல்லி மதனுக்குத் தூது வரும். ரதி போகாதே என்பாள், கெட்ட கனவு கண்டதாகச் சொல்லிச் சொல்லி அழுவாள். மதன் கேட்க மாட்டான். கடைசி இரவில் வீரபத்திரன், எமன் எல்லாம் இறங்குவார்கள். மலையில் பனி கொட்டும், போர்வையைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்போம்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ரதி கட்டியவர் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி. கம்பம் எரிந்ததும் அவர் மாராப்பை வாயில் கவ்விக்கொண்டு ஒப்பாரி வைத்தார். பக்கத்தில் அம்மா நிஜமாகவே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அந்த வருஷம் எங்கள் தாத்தா இறந்திருந்தார். அப்பாவுக்காக அழ வேண்டிய அழுகையை மாமா ரதியாக அழுது தீர்த்தார் என்று அம்மா பிறகு சொன்னார். மறுநாள் காலை ஆறரைக்கு இரண்டு பேருமே கொழுந்து பறிக்கப் போய்விட்டார்கள்.

ஹோலிகா என்ற பெயர் பள்ளிக்கூடப் புத்தகத்தில்தான் எனக்குத் தெரியும்.

மதுராவில் மூன்று வருஷம்:

வங்கி மாற்றலில் மதுராவில் மூன்று ஹோலி பார்த்தவன். அங்கே ஹோலி ஒருநாள் கூத்து இல்லை. வசந்த பஞ்சமியிலேயே தொடங்கி நாற்பது நாள். அக்காவுக்குப் பிடித்த செய்தி ஒன்று இருக்கிறது: வடக்கே பல ஊர்களில் அந்தப் பஞ்சமி அன்றே முச்சந்தியில் ஒரு கம்பம் நடுவார்கள். பல இடங்களில் அது ஆமணக்குத் தண்டு. அப்புறம் வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதைச் சுற்றி விறகு, வறட்டி போட்டுப் போட்டுக் குவியல் வளரும். நம் காமன் கம்பத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எரிகிறவர் பெயரை மாற்றிவிட்டால் காரியம் ஒன்றுதான்.

அத்தை விஷயம் எனக்கும் நெருடியதுண்டு. விஷ்ணு புராணத்தில் பிரகலாதனைத் தீயில் போடுகிறார்கள், அவனுக்குச் சுடவில்லை. ஆனால் மடியில் வைத்துக்கொள்ள அத்தை அங்கே வரவில்லை. பாகவதத்திலும் ஹோலிகா இல்லை. பவிஷ்ய புராணத்தில் வேறு கதை: துண்டி என்ற அரக்கி குழந்தைகளைத் துன்புறுத்துகிறாள், பிள்ளைகள் தீ மூட்டிக் கூச்சலிட்டுக் கெட்ட வார்த்தை சொல்லி விரட்டுகிறார்கள். புனேயில் தீயைச் சுற்றிப் பையன்கள் வாயில் கையை வைத்து அடித்துக்கொண்டு கத்துவதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். கர்நாடகத்தின் வடபகுதியில் போனால் திரும்பவும் காமன், காமண்ணா. பையன்கள் ஊர் விறகைத் திருடிக்கொண்டு வந்து எரிப்பார்கள். தெலங்கானாவில் காமுனி புன்னமி. அதனால் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று கோடு கிழிப்பதற்கு முன்னால் நடுவில் இருக்கிறவர்களையும் கேட்டுவிடுங்கள்.

நான் நேரில் பார்த்ததில் மறக்காதது இரண்டு. ஒன்று பர்சானா. ராதையின் ஊர். ஹோலிக்குச் சில நாள் முன்னால், நவமியன்று, கண்ணன் ஊரான நந்தகாவ் ஆண்கள் அங்கே வருவார்கள். பர்சானாப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தடியால் சாத்துவார்கள். ஆண்கள் குந்தி உட்கார்ந்து தலைக்கு மேல் தோல் கேடயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், திருப்பி அடிக்கக்கூடாது. விளையாட்டு அடி என்று நினைத்துத்தான் போனேன். கேடயத்தில் விழுந்த சத்தம் கேட்டதும் இரண்டு வரிசை பின்னால் நகர்ந்துவிட்டேன். மறுநாள் நந்தகாவில் இதே கதை, ஆள் மட்டும் மாறும்.

இன்னொன்று பாலேன் என்ற கிராமம். பிரகலாதன் பெயரில் கோயிலும் குளமும் அங்கே உண்டு. ஹோலிகாத் தீ கொழுந்துவிட்டு எரியும்போது, விரதம் இருந்த பூசாரி ஒருவர் குளத்தில் முங்கி எழுந்து ஈரத்தோடு அதற்குள் புகுந்து வெளியே வருவார். நம் ஊர்த் தீமிதியைக் கண்டவன் நான், ஆனால் அது தணல். இது ஆள் உயரத்துக்கு மேல் எரிகிற தீ. அவர் கடக்கச் சில நொடிதான் ஆயிருக்கும். என் பக்கத்தில் நின்ற கிழவி, அவர் வெளியே வந்த பிறகுதான் மூச்சை விட்டாள். நானும்தான்.

குடமுருட்டிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. தேயிலைக்காட்டான் அண்ணா எழுதியதை நேற்று ராத்திரி சத்தமாகப் படித்தேன், நாத்தனார் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளுடைய அப்பா, என் மாமனார், தவறினதும் போன வருஷம்தான். அத்தைக் கதையை இனி வீட்டில் எடுப்பதாக இல்லை.

நேற்றுதான் ஹோலி. தீயில் தேங்காய் போட்டார்கள், பூரண்போளி வைத்துச் சுற்றி வந்தார்கள். நானும் போனேன். பக்கத்து வீட்டு ஆஜியிடம் (மராத்தியில் பாட்டி), எங்கள் ஊரில் இதில் எரிவது மன்மதன் என்றேன். "அடப் பாவமே, அவன் என்ன செய்தான்?" என்றார். தாத்தா இருந்திருந்தால் அந்த அம்மாளைத் தன் கட்சியில் சேர்த்திருப்பார்.

இன்று காலை குப்பை போடப் போனபோது குழியை எட்டிப் பார்த்தேன். விறகெல்லாம் சாம்பல். நடுவில் கொட்டைமுத்துத் தண்டு மட்டும் கருகின தோலோடு நேராக நிற்கிறது. பச்சைத் தண்டு, எரியவில்லை. நகத்தால் கீறினேன், உள்ளே ஈரம். ஒரு படம் எடுத்து, "எரியாத கட்சி" என்று மட்டும் எழுதி அப்பாவுக்கு அனுப்பினேன்.

இரண்டு நீல டிக் விழுந்து மூன்று மணி நேரம் ஆகிறது. பதிலைக் காணோம். பாட்டு கட்டிக்கொண்டிருக்கிறார் போல.