சுங்கை சிப்புட் அருங்காட்சியகம்: முதல் அறையில் எதை வைப்பது?

பால்மரக்காடு:
மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்துப் பின்னறையில் தொடங்கவிருக்கும் நம் ஊர் அருங்காட்சியகத்தின் முதல் அறையை 1948 ஜூன் 16-க்கே ஒதுக்க வேண்டும். எல்பில் ரப்பர் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் அன்று மூன்று வெள்ளைக்காரத் துரைகள் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி, காட்டிலிருந்த அந்தக் கொரில்லாக்களை ஒடுக்க ஆங்கில அரசு மலாயாவில் அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. வெளியூர்க்காரர்கள் இந்த ஊரை அறிந்திருப்பதே அதனால்தான். அவர்கள் வந்தால்தான் ஓரறை இரண்டறையாகும்.

பெரட்டுக்களம்:
துரைகள் செத்த கதை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அண்ணன். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பேர் கூப்பிடும் வரிசைக்கு, நின்ற தோட்டத் தொழிலாளர்களுக்கு யார் இருக்கிறார்கள்? பால்வெட்டுக் கத்தி, பால் பிடிக்கும் மங்கு, தோளில் வாளி தூக்கும் காண்டாக் கழி, வாளி என்று வீட்டுக்கு வீடு கேட்டு வாங்குங்கள். நம் பேராக்கிலேயே கோப்பெங்கில் ஊரார் கொடுத்த பழம்பொருட்களைக் கொண்டுதானே ஓர் அருங்காட்சியகம் எழுந்தது? இங்கே செம்பனைக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காண்டாவைத் தோளில் எப்படி வைப்பது என்றுகூடத் தெரியாது.

பால்மரக்காடு:
எந்தத் தோட்டம், யார் கை என்ற விவரமில்லாமல் அடுக்கினால் அது பழைய இரும்புக்கடை. அவசரகாலமும் துரைமார் கதை மட்டுமில்லை, தம்பி. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டது யாரை அடைக்க? காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்விடுமோ என்று சோதனை போட்டது யாரை?

பெரட்டுக்களம்:
அப்படியானால் அறை வாசலில் முள்வேலியை வையுங்கள், துப்பாக்கியை வைக்காதீர்கள். அதற்கு நான் சம்மதம்.

ஓய்வுபெற்ற கிராணி:
இருவரும் 1960-இல் நடந்த இன்னொன்றை மறந்துவிட்டீர்கள். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்க, லயத்தில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்போதுதான் நம் ஊரில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன், தொழிலாளர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டம் வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அருங்காட்சியகம் அங்கிருந்து தொடங்கட்டும்.

பெரட்டுக்களம்:
ஐயா, முதல் ஆண்டு ஒரு படம் மாட்டுவோம். அடுத்த ஆண்டு இன்னொரு தலைவர் படம் வரும். மூன்றாம் ஆண்டு திறப்புவிழா மாலைகளுக்கே இடம் போதாது.

ஓய்வுபெற்ற கிராணி:
நான் படம் கேட்கவில்லை. அந்தப் பத்து வெள்ளியைக் கட்டியவர்களின் பங்குப் பத்திரங்களைக் கேட்கிறேன். எத்தனையோ வீட்டுப் பெட்டியடியில் கிடக்கின்றன.

பால்மரக்காடு:
காகிதம் என்றால் மண்டபக் கூரைக்கு முதலில் வழி சொல்லுங்கள், ஐயா. போன மழையில் பஞ்சாங்கமே நனைந்துவிட்டது.