21ஆம் நாள் பரிசோதனையில் புரொஜெஸ்டரோன் குறைவு என்கிறார்கள்: குறை என்னிடமா, கணக்கிலா?

கோண்டாவில் மருமகள் கேட்கிறார்:

வணக்கம். எனக்கு வயது 31, கணவருக்கு 35. எங்களுக்குக் கலியாணமாகி மூன்று வருடங்கள் ஆகிவிட்டன. அவர் என் தாய்மாமனின் மகன், சொந்த மச்சான். கட்டாரில் ஒரு வெதுப்பகத்தில் வேலை செய்தவர். கலியாணத்துக்கு வந்து ஒரு மாதம் நின்றார். பின்னர் இரண்டு விடுமுறைகளில் ஒவ்வொரு மாதம் வந்து போனார். ஐந்து மாதங்களுக்கு முன்னர்தான் வேலையை விட்டுவிட்டு நிரந்தரமாக ஊருக்கு வந்து சேர்ந்தார்.

எனது மாதவிடாய் 31 நாள்களுக்கும் 35 நாள்களுக்கும் இடையில், பெரும்பாலும் 33ஆம் நாளில், தவறாமல் வருகிறது. கைபேசிச் செயலி 14ஆம் நாளையே கருத்தரிக்கும் நாள் என்று காட்டுவதால் அந்த ஒரு நாளையே நம்பியிருக்கிறோம். விந்தைச் சேமித்து வைத்தால்தான் பலன் என்று கணவரின் நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, அதற்கு முந்திய பத்துப் பன்னிரண்டு நாள்களும் விலகியே இருக்கிறோம். கடந்த மாதம் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் 21ஆம் நாள் குருதி கொடுத்தேன். புரொஜெஸ்டரோன் என்ற ஓமோன் குறைவாக இருக்கிறது, சூல் (கருமுட்டை) வெளியாகவில்லை போலிருக்கிறது என்று அங்கு நின்றவர் சொன்னதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ஸ்கானில் ஒரு குறையும் இல்லை என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார்.

மாமி என்னோடு கோபமாகக் கதைப்பவர் அல்லர். ஆனால் கோயிலிலும் கலியாண வீடுகளிலும் சனம் கேட்கிற கேள்விகளையெல்லாம் சுமந்துகொண்டு வந்து குசினியில் என் முன்னால் இறக்கி வைக்கிறார். மூன்று வருடம் என்ற சொல்லை ஒரு நாளில் எத்தனை தடவை கேட்கிறேன் என்று எனக்கே தெரியாது. கணவருக்கு இதுவரை ஒரு பரிசோதனையும் செய்யவில்லை. அவர் மறுக்கவும் இல்லை, ஆனால் அந்தக் கதையை எடுத்தால் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுகிறார். நாங்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று விபரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், மானிப்பாய்:

பிள்ளை, உங்கள் கடிதத்தில் மூன்று கணக்குகள் இருக்கின்றன, மூன்றும் பிழையாகப் போடப்பட்டிருக்கின்றன. இருபத்தொன்பது வருடங்கள் வீடு வீடாகச் சென்று வேலை செய்தவள் என்ற முறையில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, மூன்று வருடம் என்ற கணக்கு. கருத்தடை எதுவும் இல்லாமல் கணவனும் மனைவியும் ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்த 12 மாதங்களில் கரு தங்காவிட்டால்தான் வைத்தியர்கள் அதை ஒரு குறைபாடாகக் கருதி ஆராயத் தொடங்குவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையும் அதுதான். நீங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது எட்டு மாதங்கள். அவர் கடலுக்கு அப்பால் இருந்த மாதங்களை ஊர் எண்ணலாம், மருத்துவம் எண்ணாது. எங்கள் பகுதியில் வெளிநாட்டில் கணவனை வைத்துக்கொண்டு தனியே வாழ்ந்த எத்தனையோ பெண்களுக்கு இந்தத் தவறான எண்ணிக்கையாலேயே மலடி என்ற பெயர் சூட்டப்பட்டதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த வேதனை எனக்கு இன்னமும் ஆறவில்லை.

இரண்டாவது, 14ஆம் நாள். சூல் வெளியாவது அடுத்த மாதவிடாய் வருவதற்கு ஏறத்தாழ 14 நாள்களுக்கு முன்னர். முந்திய மாதவிடாயிலிருந்து எண்ணும் 14 நாள் 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கு மாத்திரம் பொருந்தும். உங்களுக்கு 33 நாள் சுற்று என்றால் 19ஆம் நாளை அண்டித்தான் சூல் வரும். 31 நாளில் வருகிற மாதம் 17ஆம் நாள், 35 நாளில் வருகிற மாதம் 21ஆம் நாள். வெளியான சூல் 12 மணித்தியாலம் முதல் 24 மணித்தியாலம் வரைதான் உயிரோடு இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிர் வாழக்கூடியது. எனவே சூல் வெளியாகும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாள்களுமே கரு தங்கக்கூடிய நாள்கள், அவற்றிலும் கடைசி மூன்று நாள்களே மிக நல்லவை. நீங்கள் நம்பியிருந்த 14ஆம் நாள், 33 நாள் சுற்றில் அந்த வாசலின் முதற்படி, 35 நாள் சுற்றில் வாசலுக்கே வெளியில். செயலியை மறந்துவிட்டு 12ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை ஒன்றுவிட்ட ஒரு நாள் சேர்ந்திருந்தால் போதும். விந்தைச் சேமிப்பது என்பதில் உண்மை இல்லை. நாள்கள் கூடக் கூடப் பழைய அணுக்கள் தேங்கி அவற்றின் ஓட்டம் குறையுமே தவிர, பலம் கூடாது.

மூன்றாவது, உங்கள் நித்திரையைக் கெடுத்த அந்தக் குருதிப் பரிசோதனை. புரொஜெஸ்டரோன் சூல் வெளியான பிறகே ஏறத் தொடங்கி, ஒரு கிழமை அளவில் உச்சத்துக்கு வரும். அதனால் அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்னதாக அதை அளக்க வேண்டும். 28 நாள்காரருக்கு அது 21ஆம் நாள், உங்களுக்கு 26ஆம் நாள். 21ஆம் நாளில் உங்களுக்குச் சூல் வெளியாகி இரண்டு நாள்தான் ஆகியிருக்கும், சில மாதங்களில் அன்றுதான் வெளியாகும். அன்று எடுத்த குருதியில் அளவு குறைவாக இருந்தது என்பதைக் கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. ஒழுங்காக 31 முதல் 35 நாள்களுக்குள் மாதவிடாய் வருவதே சூல் வெளியாகிறது என்பதற்கு நல்ல அறிகுறி. மறுபடியும் அளக்க வேண்டுமா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

இனிமேல் செய்ய வேண்டியது. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இருவரும் பெயரைப் பதியுங்கள். பிள்ளை வயிற்றில் தங்கிய பிறகுதான் அவரிடம் போவது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் புதிதாக மணம் முடித்தவர்களுக்கும் பிள்ளைக்கு ஆயத்தமாகிறவர்களுக்கும் எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் தனியான சேவை இருக்கிறது. உயரம், நிறை, குருதி அமுக்கம், சீனி எல்லாம் பார்ப்பார்கள். போலிக் அமிலத்தை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். பொதுவாகப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். நீரிழிவு உள்ளவர்களுக்கும், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களுக்கும், முன்பு முள்ளந்தண்டுக் குறையோடு பிள்ளை பிறந்தவர்களுக்கும் வைத்தியர் கூடுதலாகத் தருவார். சிசுவின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் கருத்தரித்து 28 நாள்களுக்குள் மூடிவிடும். அந்த நேரத்தில் மாதவிடாய் தள்ளிப்போனதே பலருக்குத் தெரிந்திருக்காது என்பதால்தான் முன்கூட்டியே விழுங்கச் சொல்கிறோம். முருங்கை இலை தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அது குளிசைக்கு ஈடாகாது.

ருபெல்லா தடுப்பூசி போட்டதற்கான அட்டை இருக்கிறதா என்று தாயாரிடம் கேளுங்கள். போடவில்லை என்றால் இப்போது போட்டு, ஒரு மாதம் கழித்தே கருத்தரிக்க வேண்டும். சொந்த மச்சானை மணந்தவர் என்பதால் இன்னுமொன்று. இருவரும் முழுக் குருதிப் பரிசோதனை செய்து தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயின் காவிகளா, அதாவது தமக்கு நோய் இல்லாமலே அதன் மரபணுவைச் சுமப்பவர்களா என்று பாருங்கள். ஒருவர் மட்டும் காவியாக இருந்தால் பிள்ளைக்கு அந்த நோய் வராது. இருவருமே ஒரே வகைக் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். முன்னமே தெரிந்திருப்பதில் நன்மை மட்டுமே இருக்கிறது.

வடமராட்சியான்:

தங்கச்சி, உங்கள் கணவர் முற்றத்துக்கு எழுந்து போகிறார் என்று எழுதியதை வாசித்தபோது என்னைத்தான் கண்டேன். நானும் ஒன்றரை வருடம் அப்படித்தான் எழுந்து போனேன். அந்த ஒன்றரை வருடமும் என் மனைவி தனியே கிளினிக் வரிசையில் இருந்தாள், ஊசி குத்துப்பட்டாள், என் தாயாரின் பார்வையையும் தாங்கினாள். பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதியரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரில் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது என்பதை அந்த நாளில் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆணுக்கான முதற் பரிசோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை. அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். இந்தப் பதிலை உங்கள் கணவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

தம்பி, பரிசோதனைக்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் விலகியிருக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் எடுக்கக் கூச்சமாக இருந்தால் வீட்டில் எடுக்கலாம், ஆனால் அவர்கள் தரும் போத்தலில் நேரடியாக எடுக்க வேண்டும். சவர்க்காரமோ எண்ணெயோ கூடாது, கடையில் வாங்கும் ஆணுறையில் எடுக்கவும் கூடாது. முதலில் வருகிற பகுதியில்தான் அணுக்கள் அதிகம், அது சிந்திவிட்டால் பரிசோதனை வீண். நான் போத்தலைச் சேட்டுக்கு உள்ளே, வயிற்றோடு ஒட்டி வைத்து, சேட்டின் மேல் ஒரு கையை அழுத்திக்கொண்டு நண்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனேன். உடற்சூட்டிலேயே இருக்க வேண்டும், ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் சொன்ன கட்டளை. நெல்லியடிச் சந்தியில் வாகனங்களுக்குள் நின்ற நாலைந்து நிமிடங்கள் எவ்வளவு நீளமாக இருந்தன என்பது இன்னும் நினைவிருக்கிறது.

எனது முதல் அறிக்கையில் ஒரு மில்லிலீற்றரில் 7 மில்லியன் அணுக்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை 16 மில்லியன், அசையும் அணுக்கள் 42 சதவீதம். எல்லைக்குக் கீழே என்றால் பிள்ளை பிறக்காது என்று நான் நினைத்து இடிந்துபோனேன். வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஒரு வருடத்துக்குள் தந்தையான ஆண்களை அளந்து, அவர்களில் மிகக் குறைந்த 5 சதவீதத்தினர் நின்ற இடத்தில் போடப்பட்ட கோடு அது. அந்தக் கோட்டுக்குக் கீழே நின்ற தந்தையரும் இருந்தார்கள். ஒரே அறிக்கையை வைத்து முடிவு கட்டவும் கூடாது. ஓர் அணு உருவாகி வெளிவர இரண்டரை மாதம் முதல் மூன்று மாதம் வரை செல்வதால், மூன்று மாதம் கழித்து மறுபடியும் கொடுக்கச் சொன்னார். புகைப்பதை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். விதைப்பையில் நாளப் புடைப்பு இருப்பதையும் கண்டுபிடித்தார். இரண்டாவது அறிக்கை 15, மூன்றாவது 19. மூத்த மகளுக்கு இப்போது நான்கு வயது.

நீங்கள் வெதுப்பகத்தில் வேலை செய்தவர் என்பதையும் கவனித்தேன். விதைகள் உடலின் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு பாகை வரை குளிர்ச்சியாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்பதால், அடுப்பு முன்னால் நாள் முழுதும் நிற்பது அணுக்களைக் குறைக்கக்கூடும். ஆனால் நீங்கள் வந்து ஐந்து மாதமாகிறது. இன்று நீங்கள் கொடுக்கும் மாதிரியில் இருக்கப்போகிறவை ஊருக்கு வந்த பிறகு உருவானவை, ஆகையால் பயப்படாமல் கொடுக்கலாம். வயதுக்கு வந்த பிறகு கூகைக்கட்டு வந்து விதை வீங்கியிருந்தாலோ, சிறுவயதில் விதை இறங்காமல் சத்திரசிகிச்சை செய்திருந்தாலோ வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் வயதுக்காரர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது கூகைக்கட்டுக்கான தடுப்பூசி நாட்டின் திட்டத்தில் இருக்கவில்லை, 2011இல்தான் சேர்த்தார்கள். உடலை முறுக்கேற்ற ஜிம்மில் சிலர் போடுகிற டெஸ்டோஸ்டரோன் ஊசியையும் தொடவேண்டாம். ஆண்மையைக் கூட்டும் என்று நம்பிப் போடுகிறார்கள், அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

தென்மராட்சி அக்கா:

மேலே அம்மா எழுதிய 12 மாதக் கணக்கு 35 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு உரியது என்பதை வாசிக்கிற மற்றத் தங்கச்சிமார் கவனிக்க வேண்டும். 35ஐத் தாண்டினால் ஆறு மாதத்திலேயே வைத்தியரைக் காண வேண்டும். மாதவிடாய் தாறுமாறாக வருகிறவர்களும், வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை செய்தவர்களும், மாதவிடாய் நாள்களில் எழும்பவே முடியாத வலியுள்ளவர்களும் அந்த ஆறு மாதம்கூடக் காத்திருக்கத் தேவையில்லை.

எனக்குப் பதினைந்து வயதிலிருந்து அந்த வலி. பாயில் சுருண்டு கிடப்பேன், சத்தி எடுப்பேன். கலியாணம் கட்டினால் எல்லாம் மாறும் என்றார்கள். கட்டிய பிறகு, கிரகம் மாறினால் எல்லாம் சரிவரும் என்றார்கள். 36 வயதில் வயிற்றில் சிறு துளையிட்டுக் கமராவால் பார்த்தபோதுதான் கருப்பையின் உட்சுவரைப் போன்ற இழையம் வெளியே வளர்ந்து இரண்டு பலோப்பியன் குழாய்களையும் ஒட்டவைத்திருப்பது தெரிந்தது. எண்டோமெற்றியோசிஸ் என்று அதற்குப் பெயர். கொழும்பில் தங்கிச் சோதனைக்குழாய் முறைக்குப் போனோம். முதல் முறை கைகூடவில்லை, இரண்டாவது முறை மகன் கிடைத்தான். காணியில் ஒரு துண்டு போனது. அதற்கு நான் வருந்தவில்லை, வலியைச் சொல்லியும் ஒருவரும் கேளாமல் போன அந்த இருபது வருடங்களுக்குத்தான் வருந்துகிறேன்.

கோண்டாவில் மருமகள்:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்றிரவு வடமராட்சி அண்ணாவின் பதிலைக் கணவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தார். காலையில் ஆய்வுகூடத்துக்குத் தானே தொலைபேசி எடுத்து நாள் கேட்டார், வருகிற வியாழக்கிழமை போகிறார். மாமியிடமும் அவரே கதைத்திருக்கிறார். தேங்காய் துருவிக்கொண்டிருந்த மாமி துருவுவதை நிறுத்திவிட்டு, "அப்ப எட்டு மாதந்தானே" என்று மட்டும் சொன்னார். பின்னேரம் எனக்கு ஒரு கோப்பை உழுத்தங்கஞ்சி வந்தது.

அம்மாவிடம் ஒரேயொரு கேள்வி. உறவினர் ஒருவர் இந்தியாவிலிருந்து ஒரு சூரணம் கொண்டுவந்து தந்திருக்கிறார். கருப்பைக்கு நல்லது என்கிறார். பொதியில் பெயரும் இல்லை, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்றும் எழுதவில்லை. போலிக் அமிலத்தோடு அதையும் எடுக்கலாமா?

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், மானிப்பாய்:

எடுக்க வேண்டாம், பிள்ளை. சித்த வைத்தியத்தில் நம்பிக்கை இருந்தால் பதிவு பெற்ற சித்த வைத்தியர் ஒருவரிடம் நேரில் சென்று, பிள்ளைக்கு ஆயத்தமாகிறோம் என்று சொல்லி மருந்து கேளுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொடியில் ஈயம் போன்ற உலோகம் கலந்திருந்தால் அது உங்களுக்கும் கூடாது, தங்கப்போகும் கருவுக்கும் கூடாது. தந்தவரின் மனம் நோகாமல் வாங்கி வைத்துவிடுங்கள்.

கைபேசியில் குறிப்பதோடு நில்லாமல், சுவரில் தொங்கும் நாட்காட்டியில் மாதவிடாய் தொடங்கும் நாளைப் பேனையால் வட்டமிட்டு வாருங்கள். இன்னும் நான்கு மாதத்தில், நீங்கள் சேர்ந்திருந்த காலம் 12 மாதம் நிறைந்தும் கரு தங்காவிட்டால், போதனா வைத்தியசாலைப் பெண்நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு இருவருமாகப் போங்கள். போகும்போது அவருடைய அறிக்கையையும் அந்த நாட்காட்டியையும் கையோடு கொண்டு செல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்கப்போவது அந்த வட்டங்களைத்தான்.