மொழிவாரி மாநிலம்னா தேவிகுளம் ஏன் போச்சு, திருத்தணி எப்படி வந்துச்சு?

கம்பம்_பள்ளத்தாக்கு:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊரு கம்பம் பக்கம். குமுளி செக்போஸ்ட்ட தாண்டுனா கேரளா, ஆனா அங்க ஏலத்தோட்டத்துல வேலை பாக்குறவங்கள்ல ரொம்பப் பேரு நம்ம ஊரு பொம்பளைங்கதான், விடியக்காலம் ஜீப்புல ஏறிப் போயிட்டு பொழுது சாயத் திரும்பி வர்றாங்க. பள்ளிக்கூடத்துல 1956 நவம்பர் 1 மொழிவாரியா மாநிலம் பிரிச்சாங்கன்னு ஒத்தை வரில படிச்சதோட சரி. எனக்கு ரொம்ப நாளா இருக்குற சந்தேகம், மொழிய வச்சுதான் பிரிச்சாங்கன்னா தேவிகுளம், பீர்மேடு ரெண்டு தாலுகாவும் எப்படி அந்தப் பக்கம் போச்சு? கன்னியாகுமரி மட்டும் எப்படி நம்மகிட்ட வந்துச்சு, திருத்தணி வந்துச்சு, திருப்பதி ஏன் வரல? இதுக்கெல்லாம் ஒரே அளவுகோல் இருந்துச்சா இல்லையா? யாரைக் கேட்டாலும் "குளமாவது மேடாவதுன்னு காமராஜர் விட்டுட்டாரு"ன்னு சொல்லி முடிச்சுக்கிறாங்க. விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா எழுதுங்களேன்.

வேங்கடத்தான்:
ஒரே அளவுகோல் இல்ல ப்ரோ. நான் திருத்தணி பக்கம், அதனால வடக்கு எல்லைய சொல்றேன், தெற்கு பத்தி அந்த ஊர்க்காரங்க வந்து சொல்லட்டும்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும், சித்தூர் ஜில்லான்னு ஒண்ணு 1911க்கு முன்னாடி கிடையவே கிடையாது. வெள்ளைக்காரன் நிர்வாக வசதிக்காக வடாற்காட்டுலேர்ந்து சித்தூர், சந்திரகிரி, திருத்தணி பக்கத்தையெல்லாம் பிரிச்சு, கடப்பாலேர்ந்து மதனப்பள்ளி பக்கத்தையும் எடுத்து ஒண்ணா சேத்து புது ஜில்லா ஆக்குனான். அப்போ எல்லாமே மெட்ராஸ் மாகாணம்தான், எந்த ஜில்லால இருந்தா என்னன்னு யாரும் பெருசா கவலைப்படல. ஆனா 1953 அக்டோபர் 1 ஆந்திரா தனியா பிரிஞ்சப்போ ஜில்லா கணக்குல பிரிச்சாங்க, சித்தூர் முழுசா அங்க போச்சு, திருத்தணியும் கூடவே போச்சு. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒரு அதிகாரி ரெவின்யூ வேலைக்காகப் போட்ட கோடு அன்னிக்கு மாநில எல்லையா ஆயிடுச்சு. எனக்கு இதுதான் இந்த விஷயத்துலயே ரொம்ப முக்கியமாப் படுது, ஏன்னா எல்லைப் பிரச்சினைன்னாலே ரெண்டு இனம் ஆதிலேர்ந்து சண்டை போட்ட மாதிரி பேசுறாங்க, பாதி இடத்துல சண்டையே அந்தப் பழைய ஜில்லா கோட்டுலேர்ந்துதான் வந்துருக்கு.

அந்த நேரத்துல ரெண்டு பக்கமும் எவ்வளவு சூடா இருந்துச்சுன்னா, பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19 மெட்ராஸ்ல உண்ணாவிரதம் உக்காந்து டிசம்பர் 15 இறந்தே போனாரு, அதுக்கப்புறம்தான் நேரு ஆந்திரா தர்றோம்னு அறிவிச்சாரு. "மதராஸ் மனதே" (மெட்ராஸ் நம்மளோடது)ன்னு தெலுங்குக்காரங்க கேட்டாங்க, "தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்"னு ம.பொ.சி. நின்னாரு, மேயரா இருந்த செங்கல்வராயன் மாநகராட்சிய கூட்டி மெட்ராஸ் தமிழ்நாட்டுக்குத்தான்னு தீர்மானம் போட்டாரு. அவங்க பக்கத்தையும் நியாயமா பாக்கணும், மாகாணத் தலைநகரா மெட்ராஸ் வளர்ந்ததுல தெலுங்கு வியாபாரிக்கும் தொழிலாளிக்கும் பங்கு இருக்குல்ல, அத விட்டுட்டு கர்நூல்ல போயி தலைநகர புதுசா ஆரம்பிக்கணும்னா யாருக்குத்தான் மனசு வரும்.

சரி, திருத்தணிக்கு வர்றேன். மங்கலங்கிழார், வக்கீல் விநாயகம் மாதிரி உள்ளூர் ஆளுங்க கிராமம் கிராமமாப் போயி ஆள் சேத்தாங்க, ம.பொ.சி.யோட தமிழரசுக் கழகம் போராட்டத்த நடத்துச்சு, நிறைய பேரு ஜெயிலுக்குப் போனாங்க. கடைசில படாஸ்கர்னு ஒருத்தர மத்தியஸ்தரா போட்டாங்க. அவரு ஜில்லா, தாலுகா எதையும் பாக்கல, கிராமத்த அலகா எடுத்தாரு. எந்த மொழிக்காரங்க கிராமத்துல மெஜாரிட்டி, அந்தக் கிராமம் எல்லையோட தொடர்ச்சியா இருக்கா, அவ்வளவுதான். அதுக்குன்னு 1959ல தனிச் சட்டம் வந்து 1960 ஏப்ரல் 1 அன்னிக்கு அமலாச்சு. திருத்தணி தாலுகால பெரும்பகுதி இங்க வந்துச்சு, பதிலுக்கு சத்தியவேடு பக்கத்து கிராமங்கள் அங்க போச்சு. திருப்பதி, காளஹஸ்தி, சித்தூர் வரல.

கிராமம் கிராமமா பிரிச்சதால எல்லை எப்படி இருக்குன்னா, பள்ளிப்பட்டு பக்கம் பஸ்ல போனா எந்த மாநிலத்துல இருக்கோம்னு கடை போர்டைப் பாத்துதான் கண்டுபிடிக்கணும். பொதட்டூர்பேட்டையிலயும் விசைத்தறி, நகரியிலயும் விசைத்தறி, ரெண்டு பக்கமும் பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்த குடும்பங்க. வீட்ல தெலுங்கு பேசுறவங்களும் திருத்தணிக்காரங்கன்னா நாங்க தமிழ்நாடுன்னு அழுத்திச் சொல்லுவாங்க, அது 1960க்கு அப்புறம் வந்த அடையாளம்.

நாஞ்சில்_காரன்:
வேங்கடத்தான் அண்ணன் சொன்னது அருமை. ஆனா குமரிக் கதை வேற மாதிரி, அத வெறும் மொழிப் போராட்டமா பாத்தா பாதிதான் புரியும்.

எங்க ஊரு திருவிதாங்கூர் ராஜாவுக்குக் கீழ இருந்துச்சு, மெட்ராஸ் மாகாணத்துலயே கிடையாது. அங்க தமிழ் பேசுனவங்கள்ல பெரும்பாலானவங்க சாதியால நசுக்கப்பட்டவங்க. தோள்சீலைப் போராட்டம் நடந்து 1859ல ராஜா அறிக்கை விட்டுத்தான் நாடார் பெண்கள் மேல்சட்டை போடவே முடிஞ்சுது. அந்த நெனப்பு இருந்த ஜனத்துகிட்ட போயி தாய்த் தமிழகத்தோட சேரணும்னு சொன்னப்போ அது எல்லைய மாத்துற பேச்சா மட்டும் அவங்களுக்குக் கேக்கல, பழைய அதிகாரத்துலேர்ந்து வெளிய வர்ற வழியாவும் கேட்டுச்சு. நேசமணி அய்யாவோட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் பின்னாடி கூட்டம் திரண்டதுக்கு அதுவும் ஒரு காரணம். 1954 ஆகஸ்ட் 11 மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்துப்போனாங்க, அப்போ பட்டம் தாணு பிள்ளை திருவிதாங்கூர் கொச்சி முதலமைச்சர், அவரு கட்சியான பிரஜா சோசலிஸ்ட் கட்சியோட பொதுச்செயலாளர் லோகியாவே ஆட்சி ராஜினாமா பண்ணணும்னு சொன்னாரு.

நேசமணி அய்யா ஆளுங்க கேட்டது ஒம்பது தாலுகா. கிடைச்சது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, அப்புறம் செங்கோட்டை. நெய்யாற்றின்கரை, சித்தூர் (இது பாலக்காட்டு சித்தூர், அண்ணன் சொன்னது இல்ல), தேவிகுளம், பீர்மேடு கிடைக்கல.

கோடு போட்டாச்சு, ஆனா பழசு அப்படியேதான் இருக்கு. பத்மநாபபுரம் அரண்மனை தக்கலை பக்கத்துல தமிழ்நாட்டு மண்ணுல நிக்குது, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. வருஷா வருஷம் நவராத்திரிக்கு அங்கேர்ந்து சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூணு பேரும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாப் போவாங்க, களியக்காவிளைல தமிழ்நாட்டு போலீஸ் கொண்டுவந்து விட கேரளா போலீஸ் வரவேற்று கூட்டிட்டுப் போகும். ரோட்டோரத்துல நின்னு பாத்துட்டே இருக்கலாம். எல்லைக்காக உயிர விட்ட ஊர்ல இதையும் யாரும் விடல, ரெண்டும் சேந்ததுதான் குமரிக்காரன்.

கம்பம்_பள்ளத்தாக்கு:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்போ வடக்குல கிராமத்த எண்ணுனாங்க, தெற்குல தாலுகாவ எண்ணுனாங்க. தாலுகாவ எண்ணுனாலும் தேவிகுளத்துலயும் பீர்மேட்டுலயும் தமிழ் ஆளுங்கதானே அப்போ அதிகம்? அப்புறமும் ஏன் தரல?

லயத்துப்_பொண்ணு:
நான் மூணார்ல எஸ்டேட் லயத்துல (தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீடு) பொறந்து வளர்ந்தவ, அதனால இதுக்கு நான் பதில் சொல்றேன் அண்ணா.

மாநிலங்கள எப்படிப் பிரிக்கலாம்னு சொல்றதுக்குப் போட்ட பசல் அலி கமிஷன், அதுல குன்ஸ்ரு, பணிக்கர்னு இன்னும் ரெண்டு பேரு, 1955 செப்டம்பர்ல அறிக்கை குடுத்தாங்க. இந்தத் தாலுகாவுல தமிழர் அதிகம்ங்கறத அவங்க மறுக்கல. ஆனா அதுல பெரும்பகுதி தோட்ட வேலைக்கு வந்துபோற கூலி ஜனம், நிலையா குடியிருக்குறவங்க இல்லன்னு ஒரு காரணம், மலை மேல இருக்குற தேயிலை, ஏலம், தண்ணி எல்லாம் திருவிதாங்கூர் கொச்சி பொருளாதாரத்துக்கு முக்கியம்னு இன்னொரு காரணம். அறிக்கை வந்ததுக்கு அப்புறம் சென்னைல எதிர்ப்பு கிளம்புச்சு, கடையடைப்பெல்லாம் நடந்துச்சு, காமராஜர் அந்த வார்த்தைய சொன்னாரோ இல்லையோ, முடிவு அந்த ஒத்த வார்த்தையால வந்தது இல்ல. ஒரு மனுஷன் மேல பாரத்தப் போட்டுட்டா கமிஷன் சொன்ன காரணத்த யாரும் படிக்கவே மாட்டேங்குறாங்க, எனக்கு அதுதான் வருத்தம்.

வந்துபோறவங்கன்னு எழுதுனாங்கல்ல, எங்க தாத்தா பாட்டி எல்லாம் அந்த மலையிலேயே செத்து அங்கேயே புதைச்சவங்க. லயத்து வீடு கம்பெனி வீடு, வேலை முடிஞ்சா காலி பண்ணணும், சொந்த நிலம் கிடையாது. நிலம் இல்லாததாலதான் எத்தனை தலைமுறை ஆனாலும் வந்தவங்களாவே கணக்குல நிக்கிறோம். 2020 ஆகஸ்ட்ல பெட்டிமுடில மண்ணு சரிஞ்சு லயம் மொத்தமா புதைஞ்சு 70 பேர் போனாங்களே, அதுல நிறைய குடும்பம் கயத்தாறு பக்கத்துலேர்ந்து தலைமுறைக்கு முன்னாடி மலையேறுனவங்க, சொந்தக்காரங்க மழையில அங்கேர்ந்துதான் ஓடி வந்தாங்க.

அதுக்காக எங்க ஆளுங்க எல்லாரும் தமிழ்நாட்டோட சேரணும்னு நிக்கிறாங்கன்னு நெனச்சுக்காதீங்க. 2015ல பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை)ன்னு தோட்டத்து அக்காங்கல்லாம் மூணார் ரோட்டுல உக்காந்தாங்கல்ல, 20 சதவீத போனஸ் கேட்டாங்க, கூலி கேட்டாங்க, கோஷம் தமிழ்ல போட்டாங்க, கேட்டது கேரள அரசாங்கத்துகிட்டயும் கம்பெனிகிட்டயும். ஓட்டு இங்க, ரேஷன் கார்டு இங்க, புள்ளைங்களுக்கு மலையாளமும் வரும். முல்லைப்பெரியாறு சண்டை பெருசாகும்போதுதான் பயம், 2011 கடைசில அந்த மாதிரி ஆனப்போ தோட்டத்துல இருந்த நிறைய பேரு குடும்பத்தோட தேனிப் பக்கம் இறங்கிட்டாங்க. அணைக்கு 1886ல 999 வருஷக் குத்தகை எழுதுனது மகாராஜாவும் வெள்ளைக்காரனும், அதுக்கு அடி வாங்குறது ஏலக்காய் பறிக்குறவங்க.

வேங்கடத்தான்:
தங்கச்சி சொன்னதப் படிச்சதும் எனக்கு ஒண்ணு தோணுது. எங்க பக்கம் படாஸ்கர் பாத்த மாதிரி மேற்கு மலையிலயும் கிராமத்த அலகா எடுத்துருந்தாலும் எஸ்டேட் லயத்த கிராமம்னு எண்ணியிருப்பாங்களாங்கறது கேள்விதான். எங்க ஊர்ல பட்டா வச்சிருந்த குடியானவன் மனு எழுதிப் போட்டான், வக்கீல் வச்சுப் பேசுனான். லயத்துல இருந்தவங்க யாரு பேர்ல மனு போட்டிருப்பாங்க?

கம்பம்_பள்ளத்தாக்கு:
அந்தக் கேள்விதான் இனிமே எனக்கும். 2022ல கேரளா டிஜிட்டல் ரீசர்வே ஆரம்பிச்சப்போ எங்க பக்கத்து விவசாயிங்க எல்லைய மொதல்ல ரெண்டு மாநிலமும் கூட்டா அளந்துட்டு அப்புறம் செய்ங்கன்னு போராட்டம் பண்ணாங்க, மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு சித்ரா பௌர்ணமி ஒரு நாள் போறதுக்கே இன்னும் ரெண்டு மாவட்டமும் உக்காந்து பேச வேண்டியிருக்கு. தங்கச்சி, பழைய எஸ்டேட் பேரேடுல எந்த வருஷம் யாரு எந்த ஊர்லேர்ந்து வந்தாங்கன்னு எழுதி வச்சிருப்பாங்கல்ல, அந்த மாதிரி எதுவும் உங்க பக்கம் யாருகிட்டயாவது இருந்தா சொல்லும்மா, நான் நேர்ல வந்து பாக்குறேன்.