ஈரக் குப்பையை இடத்திலேயே மக்க வைக்கிறவங்க வாங்க: பெங்களூரு அனுபவங்கள், அளவோடு

அல்சூர் மாடி

குப்பையைத் தரம் பிரிச்சே ஆகணும்னு மாநகராட்சி சொன்னது 2012 அக்டோபர் 1. ரெண்டு வாளி, ஒரு பைன்னு உயர் நீதிமன்றம் உறுதியாக்கினது 2015 டிசம்பர். பச்சை வாளி சமையலறைக் கழிவுக்கு, சிவப்பு வாளி நாப்கின், டயப்பர், கட்டுத்துணிக்கு, பை காகிதம் பிளாஸ்டிக்குக்கு. இதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் இருந்து கட்டடப் பரப்பைப் பொறுத்து மாசம் 10 ரூபாயில் தொடங்கி 400 வரை குப்பைக் கட்டணமும் சொத்து வரியோடு சேர்ந்து வருது. நகரக் குப்பையை மாவள்ளிபுரா, மண்டூர் கிராமங்கள் தலையில் கொட்டின காலம் முடிஞ்சுது. அதனால பச்சை வாளியில் விழுறதை வீட்டிலேயோ கடையிலேயோ முடிக்கிறதுதான் இப்ப பேச்சு.

இந்த இழையில் அவங்கவங்க புனைபெயருக்குக் கீழே எழுதுங்க, சொந்தக் கதை வேண்டாம். எது கெட்டுப்போச்சு, ஏன், எவ்வளவு போட்டா சரியாகும், அதை மட்டும் போடுங்க.

மர்பி டவுன் பானை

மூணு அடுக்கு மண்பானையோ, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் வாளியோ, நாற்றம் வருதுன்னா முதலில் பார்க்க வேண்டியது ஈரம். நாலு பேர் வீட்டில் தினமும் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஈரக் கழிவு விழும். காய்த்தோல், பழத்தோல் எல்லாம் சராசரியாக 85 சதவீதம் தண்ணீர். மக்குவதற்கு வேண்டியது 50 முதல் 60 சதவீத ஈரம். ஒரு கிலோ கழிவை 60 சதவீதத்துக்கு இறக்கணும் என்றால் கணக்குப்படி அரை கிலோ காய்ந்த சருகு சேர்க்கணும். அரை கிலோ சருகு என்பது சின்ன அளவே இல்லை, நொறுக்கிப் போட்டாலும் ஒரு வாளிக்குக் கிட்ட வரும். பெரும்பாலான வீடுகளில் மேலே ஒரு கைப்பிடி தூவி மூடி வைக்கிறார்கள். கைப்பிடி என்றால் அந்த அளவில் ஒரு சின்னப் பங்குதான். அப்புறம் ஏன் நாறாது?

மண்பானை சுவர் வழியாகக் கொஞ்சம் ஈரத்தை வெளியே விடும், உள்ளே எழும் சூட்டிலும் கொஞ்சம் ஆவியாகும். அதனால் மண்பானையில் கிலோவுக்கு 250, 300 கிராம் சருகு போட்டாலே ஓடும். பிளாஸ்டிக் வாளிக்கு இந்தச் சலுகை கிடையாது, அதில் முழு அளவும் போடணும், அடியில் வடிகுழாயும் வேணும்.

பதம் பார்க்க மீட்டர் வாங்காதீங்க. நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடிங்க. புட்டு மாவு பதம் இருக்கணும்: பிடித்தால் நிற்கும், தட்டினால் உதிரும். விரல் இடுக்கில் தண்ணீர் ஒழுகினால் சருகு போதவில்லை. பிடிக்கவே பிடிக்காமல் தூளாகப் போனால், எறும்பும் வந்திருந்தால், காய்ந்துவிட்டது, ஒரு டம்ளர் புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளிங்க.

சருகு கிடைக்காதவர்கள் தேங்காய் நார்த்தூள் கட்டி வாங்குகிறார்கள். அதில் ஒரு கோளாறு அடிக்கடி நடக்கிறது. தொட்டிச் செடிக்குச் செய்கிற மாதிரியே கட்டியைத் தண்ணீரில் ஊற வைத்து, உதிர்த்துப் போடுகிறார்கள். ஊறின நார்த்தூள் இன்னும் எதை உறிஞ்சும்? கட்டியை அரிவாளின் பின்புறத்தால் தட்டி, உலர்ந்த தூளாகவே போடணும்.

மரத்தூள் போடலாம், மெல்லிசாகத்தான். பிளைவுட், எம்டிஎஃப் பலகை அறுக்கிற கடைத் தூள் வேண்டவே வேண்டாம், அதில் பசை இருக்கு.

நாற்றத்தை வைத்தே காரணம் சொல்லிவிடலாம். மூக்கில் ஏறுகிற அமோனியா என்றால் தழைச்சத்து கூடிவிட்டது, பருப்பு, முட்டை, பச்சைப் புல் அதிகம், சருகு சேர்த்தால் போதும். அழுகின முட்டை நாற்றம் என்றால் அடியில் காற்றில்லை. பானையைக் கவிழ்த்து, கட்டிகளை உடைத்து, சருகோடு கலந்து திருப்பி நிரப்பணும். வெறும் கிளறல் போதாது, மேல் பாதிதான் கிளறப்படும், அடிப்பாதி அப்படியே கிடக்கும். புளித்த வாடை என்றால் சோறும் பழமும் ஒரே இடத்தில் குவிந்திருக்கு.

பச்சை வாளி

சின்ன விஷயம், ஆனா இதில்தான் வண்டிக்காரரோட சண்டையே வருது. ஈரக் குப்பையை வண்டிக்குக் கொடுக்கிறவங்க வாளிக்குள்ள பிளாஸ்டிக் பை போடக்கூடாது. பழைய நியூஸ்பேப்பரை அடியில் மடிச்சு வைங்க, அதுவும் சேர்ந்து மக்கும். 'மக்கும் பை'ன்னு விக்கிறது ஐஎஸ் 17088 தரம் வாங்கினதாவே இருந்தாலும், அந்தச் சோதனை 58 டிகிரி சூடு தொடர்ந்து இருக்கிற பெரிய உரக்கூடத்துக்கானது. வீட்டுப் பானையில் மாசக்கணக்கில் அப்படியே கிடக்கும். பழத்து மேல ஒட்டின ஸ்டிக்கரை எடுத்துடுங்க, சலிக்கும்போது முழுசாத் திரும்ப வருது. சில தேயிலைப் பைகளும் நைலான் வலைதான், பிரிச்சுத் தூளை மட்டும் போடணும்.

மெஸ் சமையல்கட்டு

நாங்க பார்க்கிறது மெஸ், தர்ஷினி (நின்னு சாப்பிடுற சின்ன ஓட்டல்), கல்யாண மண்டபம். வீட்டுக் கணக்கு இங்கே செல்லாது, ஏன்னா கழிவே வேற மாதிரி.

முதல் எதிரி வாழை இலை. முழு இலையா குவிச்சா ஒண்ணுமேல ஒண்ணு படிஞ்சு தண்ணீரும் காற்றும் போகாத மாதிரி ஒட்டிக்கும். மேலே பார்த்தா காய்ஞ்சிருக்கும், கம்பால் தூக்கினா கீழே வழவழன்னு கறுத்திருக்கும். சரி, நறுக்கிற இயந்திரத்தில் விட்டா? நடுநரம்பு நார் தண்டில் சுத்திக்கிட்டு, பேரிங் பக்கம் இறுகி, மோட்டார் சூடாகி டிரிப் ஆகும். வழி இதுதான்: நடுநரம்பை முதலில் கத்தியால் எடுத்துத் தனியா ரெண்டு அங்குலத் துண்டா வெட்டணும், இலையை மட்டும் இயந்திரத்தில் விடணும். வேலை முடிஞ்சதும் மின்சாரத்தைத் துண்டிச்சுட்டு, தண்டில் சுத்தின நாரைக் கொக்கிக் கத்தியால் அறுத்து எடுக்கணும். மறுநாள்னு விட்டா அது கயிறு மாதிரி காய்ஞ்சு போயிடும், அப்புறம் பேரிங்கைக் கழட்டித்தான் எடுக்கணும்.

சாம்பார் சாதம், ரசம், மீந்த பொரியல் உரத்துக்கு லாயக்கில்லை. ஈரம், எண்ணெய், உப்பு மூணும் அதிகம். அதுக்கு சாண எரிவாயுக் கலன்தான் சரி. தினமும் 100 கிலோ உணவுக் கழிவு போட்டா நாளுக்கு சுமார் 8 முதல் 10 கன மீட்டர் வாயு வரும், கேஸில் சொன்னா 4 கிலோ சொச்சம். அதாவது 19 கிலோ வணிக சிலிண்டர் ஒண்ணு நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை மிச்சம். இதைவிட அதிகம் வரும்னு விக்கிறவங்க சொன்னா, எந்தக் கழிவை வச்சு அளந்தாங்கன்னு கேளுங்க.

சாணக் கரைசலில் தொடங்கி, மூணு நாலு வாரம் கழிச்சுத்தான் கழிவை ஏத்தணும், அதுவும் கால் அளவில் ஆரம்பிச்சு. கழிவுக்குச் சம அளவு தண்ணீரில் அரைச்சு ஊத்தணும். எலுமிச்சைத் தோல், வெங்காயத் தோல், முட்டை ஓடு, எலும்பு, தேங்காய்ச் சிரட்டை உள்ளே போகவே கூடாது. ஞாயித்துக்கிழமைக் கல்யாணக் கழிவு மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டினா கலன் புளிச்சுடும். அடையாளம்: அடுப்புச் சுடர் சோம்பி, ஊதினாலே அணையும், வாயுவில் கரியமில வாயு ஏறியிருக்கும். புளிப்பை எண்ணில் காட்டுற பிஎச் (pH) தாளில் 6.5க்குக் கீழே காட்டினா உடனே ஊட்டுறதை நிறுத்துங்க. 6.8க்கு மேல வந்தப்புறம் பாதி அளவில் திரும்ப ஆரம்பிங்க. குழாயில் இரும்புச் சீவல் நிரப்பின வடிகட்டி இல்லேன்னா பர்னர் ஓட்டை சீக்கிரம் அரிச்சுடும்.

அல்சூர் மாடி

கோழி எலும்பும் ஆரஞ்சுத் தோலும்? பாதிப் பேர் இதைக் கேக்கிறாங்க.

மர்பி டவுன் பானை

ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சமாகப் போடலாம். ஜூஸ் கடை அளவுக்குக் கொட்டினால் தோலில் உள்ள எண்ணெய் நுண்ணுயிரை மந்தமாக்கும். சமைத்த சின்ன எலும்பு மக்க மாதங்கள் ஆகும், எலியும் வரும். ஓட்டைகளில் அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாத இரும்பு வலை அடித்தவர்கள் மட்டும் போடுங்க, நடுவில் புதைத்து. மாங்கொட்டை, மக்காச்சோளச் சக்கை, சிரட்டை வெளியே.

பானையில் புழு வந்துவிட்டதே என்று அக்கா ஒருத்தர் போன வாரம் பதறிக் கேட்டிருந்தார். வெளிறி, தட்டையாக, கடைசியில் கறுத்துப்போகிற பெரிய புழு என்றால் அது கருஞ்சிப்பாய் ஈயின் புழு. கழிவை வேகமாகத் தின்னும், வளர்ந்த ஈ சாப்பாட்டில் உட்காராது. பயம் வேண்டாம். ஆனால் அது வந்திருக்கிறது என்றால் உள்ளே ஈரம் கூடுதல். வெள்ளைப் பூஞ்சையைத் துடைத்து எறியாதீங்க, அது வேலை செய்யுது.

சர்ஜாபூர் ரோடு பராமரிப்பு

அப்பார்ட்மெண்ட் பக்கம் சொல்றேன். 2016 திடக்கழிவு விதியில் நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு வந்தால் 'மொத்தக் கழிவு உற்பத்தியாளர்' என்று கணக்கு வைத்தார்கள், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பும் ஈரக் கழிவை முடிந்தவரை உள்ளேயே முடிக்கச் சொன்னார்கள். அதோடு இயந்திர வியாபாரிகள் அசோசியேஷன் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தார்கள்.

'24 மணி நேரத்தில் உரம்' என்கிற பெட்டி கழிவைச் சூடாக்கி உலர்த்துகிறது, அவ்வளவுதான். வெளியே வருவது காபித் தூள் நிறத்தில், நல்ல வாசனையோடு இருக்கும். அதில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் நனைத்து மூடி வைத்தால் இரண்டு நாளில் நாறும், காரணம் அது இன்னும் உணவுதான். செடிக்குப் போட்டால் வேரடியிலேயே அழுகும். மின்சாரச் செலவு தனி. வாங்குவதற்கு முன் இந்த நனைக்கிற சோதனையை அவர்கள் எதிரிலேயே செய்யச் சொல்லுங்க.

அரைத்துக் கலக்கிற இயந்திரம் வேறு வகை, அது ஏமாற்றில்லை. எடையில் பத்தில் ஒரு பங்கு மரத்தூள், கூடவே நுண்ணுயிர்த் தூள், கலந்து வெளியே எடுத்தபின் ஓட்டைக் க்ரேட்டுகளில் 10, 15 நாள் முதிர வைக்கணும். பணம் கட்டி இயந்திரத்தை வைத்துவிட்டு முதிர வைக்க இடம் ஒதுக்காத குடியிருப்புகளில்தான் புகார் வருது. நாளுக்கு 80 கிலோ என்றால் பத்து பதினைந்து நாள் சரக்கு நிற்க நிழலான, மழை படாத அறை வேணும், காற்றோட்டத்தோடு.

இடமிருந்தால் எங்கள் சிபாரிசு செங்கல் இடைவெளி விட்டுக் கட்டின தொட்டிதான். உயரம் 4 அடிக்கு மேல் போகக்கூடாது, போனால் தன் எடையிலேயே அமுங்கிக் காற்று போய்விடும். நீளக் கம்பி வெப்பமானியை நடுவில் குத்திப் பாருங்க: மூன்று நான்கு நாளில் 55 டிகிரி தாண்டணும். தாண்டவில்லை என்றால் ஈரம் அதிகம், இல்லை குவியல் சின்னது. 65க்கு மேல் போனால் புரட்டிப் போடுங்க.

சருகு சேமிப்பை யாரும் சொல்லவில்லை. இங்கே மரங்கள் அதிகமாக உதிர்ப்பது டிசம்பரிலிருந்து மார்ச் வரை. பெருக்குகிறவர்கள் கொளுத்துவதற்கு முன் மூட்டை கட்டி, கூரைக்கடியில் வைங்க. செப்டம்பர், அக்டோபர் மழையில் ஒரு பிடி காய்ந்த இலை கிடைக்காது, தொட்டிகள் கெடுவதும் அந்த இரண்டு மாதத்தில்தான்.

பச்சை வாளி

வாங்கிறதுக்கு முன்னாடி எச்எஸ்ஆர் லேஅவுட்டில் இருக்கிற சுவச்சாக்ரக கலிகா கேந்திராங்கிற கற்றல் மையத்தைப் போய்ப் பாருங்க, பலவகைத் தொட்டி, பானை, கூடைகளை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

சரி, உரம் தயாரான்னு எப்படித் தெரியும்? நகர உரத்துக்கான அரசுத் தரத்தில் 4 மில்லிமீட்டர் சல்லடையில் 90 சதவீதம் விழணும். வீட்டில் மணல் சலிக்கிற சல்லடை போதும், மேலே நின்னதைப் புதுப் பானைக்கு விதையாப் போடுங்க. சலிச்சதில் ஒரு பிடியை நனைச்சு ஜிப் பையில் மூடி மூணு நாள் வைங்க. திறந்தா மண் வாசனை வந்தா தயார், புளிப்போ அமோனியாவோ வந்தா இன்னும் ரெண்டு வாரம். தொட்டிக்கு மண் மூணு பங்குன்னா இது ஒரு பங்கு, அதுக்கு மேல வேண்டாம்.